நாலே நாலு இலை

ஜனவரி 9, செவ்வாய்

இவர் வேலை பார்க்கும் உருளைக்கிழங்கு மண்டியில் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார்கள். அதில் நான் செடிகளைப் பற்றி எழுதுவது வழக்கம். எதை எப்போது நட்டேன், எதில் பூச்சி விழுந்தது, எது போய்ச் சேர்ந்தது. மனுஷர்களைப் பற்றி எழுதியதில்லை. இந்த வருஷம் எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

என் தங்கை ரஞ்சி ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்துவிட்டாள். பெண். பிறந்து ஐந்து நாள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது, அதனால் மேட்டுப்பாளையத்தில் என் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அவளுக்கு நடக்கப் பழக்கியதே நான்தான். திருப்பூரில் அவள் மாமியார், "உங்க அக்காளுக்கு இதெல்லாம் அனுபவம் இல்லையே" என்றாராம். ரஞ்சி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன்.

முதல் வேலையாக அவள் அறை ஜன்னலில் இருந்த மல்லிகைத் தொட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். பால் கொடுக்கிறவளுக்கு மல்லிகை ஆகாது, பால் வற்றிவிடும். ஜன்னல் வெறிச்சென்று இருந்தது. மாடியிலிருந்து பெப்பர்மின்ட் தொட்டியை இறக்கிக் கொண்டுவந்து வைத்தேன்.

இது கடையில் கட்டு கட்டாக விற்கும் புதினா இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கோத்தகிரியிலிருந்து கிழங்கு லாரியில், நனைந்த சாக்கில் சுற்றி வந்தது. தண்டு ஊதா நிறம். இலையைக் கிள்ளினால் பெப்பர்மின்ட் மிட்டாய் வாசம் மூக்குக்குள் குளிரும். மலையில் வளர வேண்டியதை நம் ஊர் வெயிலில் பிழைக்க வைத்திருக்கிறேன். காலை வெயில் மட்டும்தான் காட்டுவேன். மண் காயவே விடமாட்டேன். அனுபவம் இல்லையாம் எனக்கு.

ஜனவரி 13, சனி

ரஞ்சிக்கு வயிற்றில் காற்று அடைத்துக்கொண்டு, தையல் போட்ட இடத்தில் உயிர் போகிற வலி. ஓமத் தண்ணீர் கேட்கவில்லை. பெப்பர்மின்ட் டீ போட்டேன்.

முறையை எழுதி வைக்கிறேன். பனி காய்ந்த பிறகு, நுனி இலையாகப் பறிக்க வேண்டும். கொதிக்க விடக் கூடாது. கொதித்த தண்ணீரை இறக்கி, கசக்கிய இலையைப் போட்டு, தட்டால் மூடி ஐந்து நிமிஷம். மூடாவிட்டால் வாசம் வீட்டுக்கும் வெந்நீர் நமக்கும் என்று ஆகிவிடும். வடிகட்டி, கருப்பட்டி கொஞ்சம்.

குடித்து அரை மணியில் ரஞ்சி எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, வயித்துல கெடந்த கல்லு எறங்கிப் போச்சு. சாயங்காலமும் போட்டுக் குடு." எனக்கு இருந்த பெருமை சொல்லி முடியாது.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். குழந்தை நாள் முழுக்கத் தூங்கினாள். கத்திரிக்கு வேப்பம் புண்ணாக்குக் கரைசல்.

ஜனவரி 21, ஞாயிறு

மூன்று வேளையும் டீ. நடுவில் மோரிலும் இரண்டு இலை கிள்ளிப் போடுகிறேன். துவையலும் ஒரு நாள் அரைத்தேன். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கருவாடு எதையும் விடவில்லை. பத்தியத்தில் குற்றம் சொல்ல ஆள் கிடையாது. செடி கிள்ளக் கிள்ளத் துளிர்த்துத் தொட்டியை மறைத்துவிட்டது.

குழந்தை அடிக்கடி அழுகிறாள். பழகிக்கொள்வாள்.

ஜனவரி 29, திங்கள்

நர்ஸ் ஜெசிந்தா வந்தார். இந்தத் தெருவுக்கெல்லாம் அவர்தான். குழந்தையைத் துணித் தூளியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டார். இரண்டு கிலோ எண்ணூற்று ஐம்பது. முகம் மாறிவிட்டது.

"இருபத்தஞ்சு நாளாச்சு, அம்பது கிராம்தான் ஏறியிருக்குது. மூணரையத் தொட்டிருக்கோணும். பால் பத்தலைங்க்கா."

ரஞ்சி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டரிடம் கொண்டுபோனோம். தாய்ப்பாலைக் கொடுத்துவிட்டு மேலுக்குப் பவுடர் பால் கொடுக்கச் சொன்னார். பாட்டில் கூடாது, பாலாடைதான் என்று நர்ஸ் சொன்னார். அம்மா ரஞ்சிக்கு ஊட்டிய வெள்ளிப் பாலாடை என்னிடம்தான் இருக்கிறது. புளி போட்டுத் துலக்கி, வெந்நீரில் போட்டு எடுத்தேன்.

ரஞ்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு என் பக்கமே நீட்டினாள். "நீயே குடுக்கா" என்றாள். நான் கொடுத்தேன். பாலாடையின் மூக்கையே பார்த்தபடி குழந்தை சப்புக்கொட்டிக் குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

பவுடர் பால் வாசம் எனக்குக் குமட்டும். கரைக்கும் முன்னால் ஒரு பெப்பர்மின்ட் இலையை விரலில் கசக்கிக்கொள்வேன். பிறகு தாங்கிக்கொள்ளலாம். நர்ஸ் பார்த்தால் கையைக் கழுவச் சொல்வார். கழுவத்தான் செய்கிறேன், வாசம் போவதில்லை.

நான் அறைக்குள் நுழைந்தாலே குழந்தை தலையைத் திருப்புகிறாள். "உன்னக் கண்டாத்தான்க்கா திரும்பறா" என்றாள் ரஞ்சி. அப்படியெல்லாம் இல்லை, ஒரு மாசக் குழந்தைக்கு என்ன தெரியும் என்றேன். ஆனால் திரும்பினாள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

மூன்று கிலோ இருநூறு. நர்ஸுக்குத் திருப்தி. ஆனால் ரஞ்சியின் பால் இன்னும் குறைந்துவிட்டது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்கு வந்தவர், அடுப்பு மேடையில் தட்டுப் போட்டு மூடியிருந்ததைத் திறந்து பார்த்தார்.

"இது என்ன வாசம், பெப்பர்மின்ட்டா? தெனமுமா குடுக்கறீங்க?"

"மூணு வேளை. காத்துக்கு."

"அய்யோ, நிறுத்துங்க்கா. ஒருக்கா ரெண்டுக்கா குடிச்சாத் தப்பில்ல. இப்படிக் குடம் குடமாக் குடிச்சாச் சிலருக்குப் பால் வத்தீரும்னு சொல்லுவாங்க. புள்ளைக்குப் பால் மறக்கடிக்கறதுக்கே இதக் குடிக்கறவங்க இருக்காங்க. இன்னைக்கே நிறுத்துங்க, பால் திரும்பி ஊறும்."

சிலருக்கு என்றுதான் சொன்னார். எல்லோருக்கும் இல்லை. மல்லிகையை அப்புறப்படுத்திய எனக்கு இது தெரியாமல் இருக்குமா? ரஞ்சி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பிச் சொல்ல வேண்டாம் என்று விட்டேன். வீணாக மனசு உடைவாள்.

பிப்ரவரி 14, புதன்

இன்று டீ போடவில்லை. இலை கழுவவில்லை என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுத்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

இன்றும் இல்லை. மத்தியானம் ரஞ்சி, "அக்கா, மாரு கனக்கறாப்புல இருக்குது" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கூப்பிட்டாள். குழந்தை அவளிடம் குடித்தாள். சாயங்காலமும் குடித்தாள். பாலாடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். செய்ய வேலை ஒன்றும் இல்லை. தக்காளிக்குக் குச்சி கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்ததுதான், அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

ரஞ்சி தலைவலி என்றாள். அந்த டீ இல்லாமல் இரண்டு நாளாக ஒரு மாதிரி இருக்கிறதாம். அவளே வாய்விட்டுக் கேட்டால் எப்படி இல்லை என்பது? நாலே நாலு இலைதான் போட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

எறும்பு மருந்து. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயு இல்லை, சிரிப்புத்தான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ரஞ்சிக்குப் பால் நின்றுபோன மாதிரிதான். குழந்தைக்கு ஆறு வேளையும் பாலாடை. ஆறு வேளையும் நான். கன்னம் வைத்துவிட்டாள். குளிக்க வைப்பது, சாம்பிராணி காட்டுவது, தொட்டிலாட்டுவது எல்லாம் நான்தான். ரஞ்சி சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். உடம்பு தேற வேண்டாமா, படுக்கட்டும்.

நேற்று நர்ஸ் இவரைக் கடைவீதியில் பார்த்து விசாரித்தாராம். சாப்பிடும்போது இவர் என்னிடம் கேட்டார்.

"கலா, அந்த டீய நிறுத்தச் சொன்னாங்களாமே? நிறுத்திட்டயா?"

"அன்னைக்கே நிறுத்தியாச்சுங்."

இவர் கழுவு தொட்டியைப் பார்த்தார். அதில் வடிகட்டி கிடந்தது, வடிகட்டியில் சக்கை. கை கழுவிவிட்டு வந்து, "அந்தப் புள்ள உன்றது அல்ல, கலா" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். அதுதான் பொறுக்கவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசப் போவதில்லை.

மார்ச் 3, ஞாயிறு

ரஞ்சியின் வீட்டுக்காரர் கோகுல் வந்திருந்தார். அவர் போனில் அவருடைய அம்மா பேசியது அறைக்கு வெளியே வரை கேட்டது. "பாலுக்கே வக்கில்லாதவளத்தான் கட்டி வெச்சிருக்குது." கோகுல் போனைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அதற்குள் ரஞ்சி கேட்டுவிட்டாள்.

அவர் ஊருக்குப் போன பிறகு என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். "மாடு ஆடெல்லாங்கூடப் பால் குடுக்குது. எனக்கு மட்டும் ஏன்க்கா? நான் ஒரு அம்மாளே இல்ல. இவ உனக்குத்தான் பொறந்திருக்கோணும். நீயே வெச்சுக்கோ."

நீயே வெச்சுக்கோ. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. என் தங்கை என் மடியில் அழுதுகொண்டிருக்கிறாள், எனக்குச் சந்தோஷம் வருகிறது. அதை நானே பார்த்தேன். எனக்கு என்னைக் கண்டே பயமாகிவிட்டது.

இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் எனக்கு எட்டாம் மாசத்தில் குறைப்பிரசவம் ஆனது. குழந்தை அழவில்லை. என்னிடம் காட்டக்கூட இல்லை. மூன்றாம் நாள் பால் வந்தது. யாருக்கு என்று அதற்குத் தெரியவில்லை. ஜாக்கெட் நனைந்து, புடவை நனைந்து, காய்ச்சல் அடித்தது. அம்மா நாலு முழம் மல்லிகை வாங்கி வந்து மாரில் வைத்துக் கட்டினாள். காலையில் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ. மூன்று நாளில் வற்றிவிட்டது. அன்றிலிருந்து நான் மல்லிகை வைத்துக்கொள்வதில்லை. செடியை மட்டும் வளர்த்தேன்.

பால் கட்டினால் எப்படி வலிக்கும், வற்றினால் எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் எனக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்திருக்கிறேன்.

மார்ச் 4, திங்கள்

டீயை நிறுத்திவிட்டேன். சத்தியமாக. தொட்டியை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். செடியில் புழு விழுந்து செத்துப்போனது என்று ரஞ்சியிடம் சொன்னேன். "அடடா, எவ்வளவு ஆசையா வளத்துன!" என்று எனக்காக வருத்தப்பட்டாள்.

மார்ச் 11, திங்கள்

பால் திரும்பவில்லை. நர்ஸ் சொன்னபடி இரண்டு மணிக்கு ஒரு தடவை குழந்தையை ரஞ்சியிடம் போடுகிறேன். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு விறைக்கிறாள். அலறுகிறாள். என்னிடம் வந்ததும் அடங்குகிறாள். "ஒரு மாசத்துக்கு முந்தியே பாத்திருந்தா ஊறியிருக்கும்" என்றார் நர்ஸ், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. ரஞ்சி முன்னால் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டிருக்கலாம்.

பூண்டு, வெந்தயம், பால் சுறா. எதைப் போட்டும் பிரயோசனம் இல்லை.

மார்ச் 20, புதன்

வெயில் தாங்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் செடி மட்டும் வாடாமல் நிற்கிறது. தினமும் ஒரு இலை, என் விரலுக்கு மட்டும். ஞாயிற்றுக்கிழமை ரஞ்சியும் குழந்தையும் திருப்பூருக்குக் கிளம்புகிறார்கள்.

மார்ச் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கோகுல் காரோடு காலையில் வந்தார். மூட்டை முடிச்செல்லாம் ஏற்றியாயிற்று. பாலாடையைத் துணியில் சுற்றி நானே பையில் வைத்தேன். ரஞ்சி கடைசியாகக் குழந்தையோடு வெளியே வந்தாள். இன்னொரு கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். பாட்டிலில் தண்ணீர், தண்ணீரில் இரண்டு பெப்பர்மின்ட் தண்டு. வெள்ளை வேர் கொத்தாக இறங்கியிருந்தது.

"செடி செத்துப்போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தியேக்கா, பாரு. அதுக்கு முந்தியே ரெண்டு குச்சி ஒடிச்சு என்ற ரூம்புல பீரோ மறவுல வெச்சிருந்தேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு. இவரோட தங்கச்சிக்கு அடுத்த மாசம் டெலிவரி. உன்ற டீயப் போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். அது மட்டும் இல்லீனா இந்த மூணு மாசத்த நான் தாட்டியே இருக்கமாட்டேன்."

வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு குச்சியை உடைத்துப் போட்டிருக்கலாம். எனக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அதக் குடுக்காத ரஞ்சி. பால் குடுக்கறவங்களுக்கு ஆகாது. பால் வத்தீரும்."

அவள் சிரித்தபடியே நின்றாள். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கண் மட்டும் மாறியது.

"ஆருக்கா சொன்னது?"

"நர்சம்மா."

"எப்ப?"

பொய் சொல்ல இரண்டு நிமிஷம் இருந்தது. கோகுல் டிக்கியைச் சாத்திக்கொண்டிருந்தார். இவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். ஆனால் நாள் தேதி எழுதி வைத்திருப்பவளுக்கு மறந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை.

"பிப்ரவரி பதிமூணு."

ரஞ்சி மனசுக்குள் எண்ணினாள். உதடு அசைந்தது தெரிந்தது. மார்ச் மூன்றாம் தேதி என் மடியில் அழுதாளே, அதுவரைக்கும் எண்ணியிருப்பாள். அப்போது நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். அதையும் எண்ணியிருப்பாள்.

பாட்டிலைக் கேட் தூண்மேல் வைத்தாள். உடைக்கவில்லை, கோபமாகக்கூட வைக்கவில்லை. குழந்தை என் குரலைக் கேட்டு என் பக்கம் திரும்பினாள். ரஞ்சி அவள் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டு காரில் ஏறினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டாள். கோகுலுக்கு ஒன்றும் புரியவில்லை, "வர்றோங்க்கா" என்று கையை ஆட்டினார்.

மாடிக்குப் போய்த் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை வேரோடு பிடுங்கினேன். வெயிலில் போட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

ரஞ்சி போனை எடுக்கவில்லை.

மார்ச் 29, வெள்ளி

கோகுல் கூப்பிட்டார். குழந்தை அங்கே போனதிலிருந்தே சரியாகக் குடிப்பதில்லையாம். பாலாடையைக் கொண்டுபோனாலே வாயை இறுக்கிக்கொண்டு தலையை அப்படியும் இப்படியும் திருப்பித் தேடுகிறாளாம். அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லை, இடம் மாறியதால் ஏங்கிப்போயிருக்கிறது, பழக்கப்பட்டவர்கள் யாராவது வந்து ஊட்டிப் பாருங்கள் என்றாராம்.

"அக்கா, நீங்க வந்து ஒரு வாரம் இருங்க. ரஞ்சிதான் கூப்பிடச் சொன்னா. அவ பேசமாட்டேங்கறா, ஆனா அவதான் சொன்னா."

என் கால் தரையில் நிற்கவில்லை. பச்சைச் சேலை, இரண்டு ஜாக்கெட், சாம்பிராணி, எல்லாவற்றையும் பையில் வைத்தேன். இவரிடம் காலை முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றேன்.

படுக்கும் முன் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்றப் போனேன். ஐந்து நாளாக அதைச் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். கொட்டவும் மனசில்லை, நடவும் மனசில்லை. இலை விரலில் பட்டது. பழக்க தோஷத்தில் கசக்கினேன். முகத்தருகே கொண்டுபோனேன்.

அப்போதுதான் புரிந்தது. குழந்தை தேடுவது என்னை இல்லை. இந்த வாசத்தை. இரண்டு மாசமாக அவளுக்குப் பால் என்றால் பெப்பர்மின்ட் மணக்கும் விரல்.

நான் போனால் குடிப்பாள். ஒரு வாரம் இரு என்பார்கள், பிறகு ஒரு மாசம். இப்போதைக்கு இங்கேயே விடுகிறோம் என்று என் கையிலேயே கொடுத்தாலும் கொடுப்பார்கள். வாசத்தின் விஷயம் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது எந்தத் தேதியில் என்று கேட்கவும் ஆள் இல்லை.

கோகுலுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ரஞ்சி, நீ பேச வேண்டாம், கேட்டாப் போதும். நாளைக்கு மாமா செடியக் கொண்டாந்து தருவாரு. ஒரு எலைய வெரல்ல கசக்கிக்கோ. கையக் கழுவிப்போட்டு, பொறவு பாலாடையப் புடி. அவ வாயி தானாத் தொறக்கும். என்ற கை மணம் அது. அவ்வளவுதான், வேறொண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போன் நின்றுவிட்டது.

மார்ச் 30, சனி

பாட்டிலின் வாயில் ஈரத்துணியை அடைத்து, மஞ்சள் பையில் வைத்து இவரிடம் கொடுத்தேன். "நீயும் வா, கலா" என்றார். "வேண்டாங்" என்றேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றும் முன்னாலேயே, "குடிச்சிருச்சு. ஒரு சொட்டு மிச்சம் வெக்கல" என்றார்.

"ரஞ்சி?"

"எலையக் கசக்கிக் கைய மோந்து பாத்தா. சித்த நேரம் அழுதா. பொறவு குடுத்தா."

"எதாச்சும் சொன்னாளா?"

"சொல்லல."

அவருக்குச் சோறு போட்டேன். பையைப் பிரித்துப் பச்சைச் சேலையை எடுத்து பீரோவில் வைத்தேன்.